கறுப்புத் திரையில் இரண்டு வரி

எனக்கு எந்த ஊரிலும் கால் தரிப்பதில்லை. தூத்துக்குடிக்கு வந்த புதிதில் உப்பளத்தில் வேலை பார்த்தேன். பாதம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு இறங்கி, செருப்புப் போட முடியாமல் ஆனபோது விட்டுவிட்டேன். அடுத்தது துறைமுகச் சாலையில் ஒரு கண்டெய்னர் கிடங்கு. பெட்டியின் எண்ணைப் பார்த்துச் சொல்லும் வேலை. மேற்பார்வை பார்த்தவரோடு ஒத்துப்போகவில்லை. அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. ஒன்பதாம் வகுப்பை முடிக்காதவனுக்கு அந்த வேலை எப்படித் தெரியும் என்று சிலர் கேட்பார்கள். சென்னையில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடைகளுக்குப் பெட்டி சுமந்துகொண்டிருந்தேன். சுமக்கிறவனுக்கு நடுவில் இறக்கி வைத்து மூடியைத் திறந்து பார்க்க நேரம் கிடைக்கும். பார்த்துப் பார்த்து வந்ததுதான்.

ஐப்பசி மழை தொடங்கியதும் இந்த ஊரும் போதும் என்று தோன்றிவிட்டது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஓசூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று பழைய கூட்டாளி ஒருவன் போனில் சொன்னான். அது போதுமாக இருந்தது. மாலையில் பஸ். காலையிலேயே பையைக் கட்டிக் கடை மூலையில் வைத்துவிட்டேன். வைத்த பிறகு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கடை முதலாளி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சும்மா நடக்கிறவன் திரேஸ்புரம் வரைக்கும் நடந்துவிட்டு வரலாமே என்றார்.

அங்கே ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் தகராறு. அந்த வீட்டு அம்மா காலையில் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய கணவர் சங்கு குளிக்கப் போகிறவர். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் கடலில் இறங்கியவர் ஏறி வரவில்லை. தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை. இப்போது விடிந்தால் கல்லறைத் திருநாள். ஊரெல்லாம் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். இந்த வீட்டுக்குக் கல்லறை கிடையாது. அதனால் வருஷா வருஷம் அந்த அம்மா தன் அண்ணனுடைய வள்ளத்தில் ஏறி, கணவர் இறங்கிய இடத்துக்கே போய்ப் பூப் போட்டுவிட்டு வருவார். கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் அது. இடத்தைக் காட்டுவது ஜி.பி.எஸ். செட்தான். போன மாதம் அந்தச் செட்டுக்குள் உப்புத் தண்ணீர் ஏறி, அது செத்துவிட்டது. புதுச் செட் வாங்கியாயிற்று, அதில் ஒன்றும் இல்லை. பழைய செட்டில் இருந்த இடங்களையெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இப்போது கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் திறக்கவில்லை.

"அந்தப் பக்கம்னா?" என்றேன்.

"ரெண்டு பக்கம் இருக்காம்லே. ஒண்ணு தெறக்கு, ஒண்ணு தெறக்கல. கடைக்குக் கொண்டாங்கன்னா, வீட்டை விட்டு வெளிய எடுக்க மாட்டேங்கா. நீ போற வழிதான, ஒரு எட்டு பாத்துட்டுப் போ."

அது நான் போகிற வழி இல்லை. பஸ் நிலையம் ஒரு திசை, திரேஸ்புரம் நேர் எதிர்த் திசை. திரும்பவும் கடைக்கு வர வேண்டாம் என்று பையையும் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வீடு கடற்கரையிலிருந்து இரண்டாவது சந்தில் இருந்தது. வலை நாற்றமும் டீசல் நாற்றமும் வீட்டுக்குள்ளும் இருந்தன. கதவைத் திறந்த அம்மாவுக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். நான் அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் என் பையைப் பார்த்துவிட்டு உள்ளே வழி விட்டார். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரிய உருவம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதுதான் அண்ணன், வள்ளக்காரர். புதுச் செட்டைப் பாலிதீன் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

அக்கா விவரம் சொன்னார். அந்தக் கம்ப்யூட்டர் அவருடைய கணவர் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டியது. டிப்ளமோ படித்தவர், கொஞ்ச காலம் கப்பலில் வேலை பார்த்தவர். அதில் விண்டோஸையும் லினக்ஸையும் அவரே போட்டிருந்தார். ஆன் செய்தால் முதலில் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் இரண்டே வரி.

"மேல் வரி அவுகளது. கீழ் வரி என்னது" என்றார் அக்கா.

கீழ் வரி விண்டோஸ். அதில் அவர் ஒரு கருவாட்டுக் கடைக்குப் பில் போட்டுக் கொடுக்கிறார். மேல் வரி லினக்ஸ். கணவர் கடலிலிருந்து வந்ததும் செட்டை ஒயரில் மாட்டி, அன்றைக்கு எடுத்த இடங்களை அதில் ஏற்றுவார். கணவருக்குப் பிறகு அக்காவும் ஒரே ஒரு தடவை ஏற்றினார். அவர் இறங்கிய இடத்தை அன்று வள்ளத்தில் இருந்த அண்ணன் செட்டில் குறித்துக்கொண்டு வந்திருந்தாரே, அதை.

இப்போது கறுப்புத் திரையே வருவதில்லை. நேராக விண்டோஸுக்குப் போய்விடுகிறது. டவுனில் ஒருவரைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார்கள். அவர் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் வீணாகக் கிடக்கிற இடம், அழித்து இதோடு சேர்த்துத் தரட்டுமா என்று கேட்டாராம். அக்கா அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆன் செய்து பார்த்தேன். சொன்னபடியே விண்டோஸ் வந்தது. டிஸ்கைப் பிரித்துக் காட்டும் பகுதியைத் திறந்தேன். லினக்ஸ் இருந்த பார்ட்டிஷன் பெயரில்லாமல், ஆனால் முழுசாக இருந்தது. அக்காவிடம் சொன்னேன், உள்ளே இருப்பது எதுவும் போகவில்லை, வாசல் மட்டும்தான் காணவில்லை என்று. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஓடும் சின்ன புரோகிராம் ஒன்று உண்டு. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்பது அதுதான். கறுப்புத் திரை என்பது அதன் முகம். அதைத் திரும்பப் போட்டால் முடிந்தது. இதை நான் பல ஊர்களில் செய்திருக்கிறேன். டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

பையிலிருந்து பென் டிரைவை எடுத்தபோது வள்ளக்காரர் முதல் தடவையாகப் பேசினார்.

"தம்பி, சரி பண்ணிக் குடுத்துருங்க. ஆனா உள்ள என்ன இருக்குன்னு பாக்கப்புடாது."

எதைப் பார்க்கக்கூடாது என்று கேட்டேன். பாயிண்டை, என்றார். எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறையில், மீன் நிற்கிறது, எந்தத் தரையில் சங்கு கிடக்கிறது என்பது ஒவ்வொரு வள்ளத்துக்கும் சொந்தச் சொத்து. கூடப் பிறந்தவனுக்கே காட்ட மாட்டார்கள். அவரும் தங்கையின் கணவருமாக வருஷக்கணக்கில் தேடிச் சேர்த்த எல்லா இடமும் அந்த லினக்ஸ் பக்கத்தில் இருந்தது. கணவரின் இடமும் அவற்றுக்கு நடுவில்தான். கம்ப்யூட்டரை ஏன் கடைக்குக் கொண்டுவர மறுத்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குக் கடலே தெரியாது, நான் பார்த்து என்ன செய்யப் போகிறேன் என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது. நீங்க போயி டீக்கடையில சொன்னா அங்க கேக்கிறவனுக்குத் தெரியும்லா?"

பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினேன். அதிலிருந்த லினக்ஸ் திறந்து, அதன் டெஸ்க்டாப் திரையில் விரிந்ததும் வள்ளக்காரர் எழுந்தார். தோள் துண்டை உதறி மானிட்டருக்கு மேலே போட்டு, பாதித் திரை மறைகிற மாதிரித் தொங்கவிட்டார். மிச்சப் பாதியில் கட்டளை அடிக்கும் கறுப்புச் சன்னல் மட்டும் தெரிந்தது.

"எழுத்து அடிக்க அம்புட்டு இடம் போதும்லா?" என்றார்.

"அண்ணே, அந்தப் பிள்ளை எப்படி வேல செய்யும்?" என்றார் அக்கா.

"கண்ணு கட்டியா விட்டேன்? பாதி தெரியுதுல்லா."

நான் சிரித்துக்கொண்டே அடிக்க ஆரம்பித்தேன். சிரிப்பு சீக்கிரம் போய்விட்டது. லினக்ஸ் பார்ட்டிஷனை இணைத்து, வாசல் புரோகிராமைத் திரும்பப் பதியும் கட்டளையைக் கொடுத்தால், முடியாது என்று பிழை வந்தது. இந்தக் கம்ப்யூட்டரில் அதற்கு வசதி இல்லை என்கிற மாதிரி ஒரு வாக்கியம். வேறு மாதிரி அடித்தேன். அதே பிழை. இணைத்ததை அவிழ்த்து மறுபடி இணைத்தேன். அதே. சந்தில் ஒரு ஆட்டோ போனாலும் எனக்கு என் பஸ் போகிற மாதிரிக் கேட்டது. நான் அவசரப்பட்டால் கை வேகமாகப் போகும், புத்தி கூடப் போகாது. அது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அக்கா சோறும் சூரைமீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் அடித்தேன். மழை பிடித்துக்கொண்டது. வள்ளக்காரர் நாற்காலியில் அசையாமல் இருந்தார்.

பிறகு கரண்ட் போனது.

அந்த நேரத்தில் டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்தால் உள்ளதும் கெட்டிருக்கும். எழுதவிடாமல் அந்தப் பிழை காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம். அதை நான் வெளியே சொல்லவில்லை. மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். சன்னல் வழியாகச் சாரல் அடித்தது. அக்கா மானிட்டர் மேலிருந்த துண்டை எடுத்து மேசையைத் துடைத்து, பெட்டிக்கு மேலே மூடினார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். சந்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் அதுதான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கரண்ட் எப்போது வரும் என்று தெரியவில்லை, எனக்கும் நேரமாகிறது என்று பொதுவாகச் சொன்னேன். வள்ளக்காரரும் அதையே எதிர்பார்த்தவர் போல, தங்கையிடம் மெதுவாகப் பேசினார்.

"ஏளா, விடு. இத்தனை தடவை போயிருக்கேன். சுமாரா அந்தப் பக்கம் கொண்டு விட்டுருதேன். கடலு ஒண்ணுதான. எங்கன போட்டாலும் பூ அவன்கிட்ட போவும்."

அக்கா சாரல் அடித்த சன்னலைச் சாத்தினார். பெட்டி மேல் இருந்த துண்டைச் சரியாக இழுத்துவிட்டுச் சொன்னார்.

"நாளைக்கு எல்லாரும் அவங்கவங்க கல்லறைக்குத்தான போறாளுவ? சுமாரா அந்தப் பக்கம்னு யாராவது வேற கல்லறையில வச்சுட்டு வாராளா?"

நான் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பெரிய மனசு என்று இல்லை. அதைக் கேட்ட பிறகு அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

வெகு நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. பென் டிரைவிலிருந்து மறுபடியும் கிளப்பினேன். இந்தத் தடவை துண்டு பெட்டி மேல் இருந்ததால் திரை முழுசாகத் தெரிந்தது. மேலே நட்ட நடுவில் தேதி இருந்தது. அது பல வருஷத்துக்கு முந்தைய தேதி. அக்காவுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்காது. நான் கையை எடுத்துவிட்டேன். மதியம் முழுக்க அந்தத் தேதி துண்டுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. விண்டோஸிலும் மூலையில் இருந்திருக்கும். அவசரத்தில் நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"அக்கா, இந்தப் பெட்டியை யாராவது திறந்தாங்களா?"

அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரைப் பார்த்தார்.

"திறந்தேன்" என்றார் கடைசியில். "புதுச் செட்டு வாங்குன அன்னைக்கு. கரண்ட் கூடிக் கொறைஞ்சு இது அப்படியே நின்னுபோச்சு. கடல்ல செட்டு நின்னா என்ன செய்வோம்? பேட்டரியக் கழத்தி, கைலில தொடைச்சு, திரும்பப் போடுவோம். ஓடும். இதுலயும் உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி இருந்துச்சு. கழத்தித் தொடைச்சுப் போட்டேன். ஓடிச்சுல்லா?"

"நான் வந்த உடனே சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி."

"ஓடிச்சேலே. ஓடுனதை எதுக்குச் சொல்ல?"

ஓடத்தான் செய்தது. ஆனால் அந்தக் காசு பேட்டரியை நம்பித்தான் பெட்டிக்குள் இருக்கும் போர்டு சில விஷயங்களை நினைவில் வைத்திருக்கும். இன்றைக்கு என்ன தேதி, எந்த முறையில் கிளம்ப வேண்டும், முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம். அந்தப் போர்டில் பேட்டரியைக் கழற்றியதும் எல்லாம் மறந்துபோயிருந்தது. திரும்ப விழித்தபோது விண்டோஸை அதுவே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டது. லினக்ஸ் என்று ஒன்று இருந்ததை அதற்கு யாரும் சொல்லவில்லை. வாசல் புரோகிராம் டிஸ்கில் அப்படியே இருக்கிறது, கூப்பிடத்தான் ஆள் இல்லை. நான் மதியம் முழுக்க அடித்துக்கொண்டிருந்த கட்டளைகளும் தப்பில்லை. கிளம்பும் பட்டியலில் என் பென் டிரைவ் பழைய முறை, புது முறை என்று இரண்டு பெயரில் இருந்தது. கண்ணில் முதலில் பட்ட பழைய முறையை அமுக்கியிருந்தேன். அந்த முறையில் கிளம்பினால் போர்டின் நினைவில் எதையும் எழுத முடியாது. பிழை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் அவரிடம் விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ ரெண்டு பேரும் சேந்துதான் கெடுத்திருக்கோம்" என்றார்.

போர்டின் சொந்த அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரி செய்தேன். கிளம்பும் முறையைப் புதியதற்கு மாற்றினேன். பென் டிரைவைச் சரியான பெயரில் கிளப்பி, லினக்ஸ் பார்ட்டிஷனை இணைத்தேன். கணவர் எழுதி வைத்திருந்த எதையும் தொடவில்லை. வாசல் புரோகிராம் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்லும் ஒரு வரியை மட்டும் அடித்தேன். பிழை வரவில்லை. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்தேன். மழை நின்றிருந்ததால் மின்விசிறிச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

கறுப்புத் திரை வந்தது. இரண்டு வரி.

அக்கா என்னை நகரச் சொல்லவில்லை, நானே நகர்ந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மேல் வரியில் என்டரைத் தட்டினார். பாஸ்வேர்டு கேட்டது.

"தம்பி, கொஞ்சம் திரும்பிக்கிடுங்க" என்றார் வள்ளக்காரர். குரல் பழைய மாதிரி இல்லை. ஆனால் சொல்லாமல் விடவும் இல்லை.

சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். மாதா படமும் அதற்குக் கீழே அக்காவின் கணவர் படமும் இருந்தன. நல்ல சட்டை போட்டு, சிரிக்காமல் எடுத்த படம். முதுகுக்குப் பின்னால் அவர்கள் ஒயரை மாட்டினார்கள். அக்கா ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனார். வள்ளக்காரர் வாய்க்குள்ளேயே எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு விசை தட்டும் சத்தம் நின்றது. அந்த இடம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"இதான?" என்றார் அக்கா.

"இதான்" என்றார் அண்ணன்.

புதுச் செட்டு பீப் என்று கத்தியது.

பஸ் போயிருந்தது. பையை எடுத்தபோது அக்கா ஒன்று கேட்டார். அந்தக் கறுப்புத் திரை கொஞ்ச நேரம்தான் நிற்கிறது, பிறகு தானாக மேல் வரிக்குப் போய்விடுகிறது. அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் கணவருடைய பக்கம் திறந்து, பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கிறது.

"அதுவா போகப்புடாது தம்பி. நான் கை வைக்கிற வரைக்கும் நிக்கணும். அப்படிச் செய்ய முடியுமா?"

முடியும் என்றேன். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது ஒரு எண்தான். அதன் இடத்தில் ஒன்றுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் யாராவது தொடுகிற வரைக்கும் அசையாது. வள்ளக்காரர் மறுபடி துண்டை எடுத்துத் தொங்கவிட்டார். இந்தத் தடவை தேதி தெரிகிற மாதிரி. அந்த எண்ணை மாற்றி, பட்டியலைப் புதுப்பிக்கும்போது அக்காவின் கணவர் வைத்த இரண்டு வரியும் அப்படியே வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தேன். அக்கா ஆன் செய்துவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனார். உலையில் அரிசியைப் போட்டார். திரும்பி வந்தார். இரண்டு வரியும் நின்ற இடத்தில் நின்றன.

அந்த இரவைக் கடை பெஞ்சில் கழித்தேன். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போயிருக்க வேண்டும். கால் திரேஸ்புரம் பக்கம் போனது. வானம் வெளுத்திருந்தது, காற்று இல்லை. கரையில் அக்காவின் அண்ணனுடைய வள்ளம் மட்டும்தான் கிளம்பத் தயாராக இருந்தது. மற்றவர்களுக்கு அன்றைக்குக் கல்லறைத் தோட்டம். அக்கா வள்ளத்தின் நடுவில் பலகை மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஈரத்துணி சுற்றிய பூமாலை. வள்ளக்காரர் கழுத்தில் செட்டு. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

வள்ளம் வடக்கே போனது. வடக்கே கொஞ்ச தூரம் போய், வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அங்கேயே சும்மா மிதந்தது. ஏன் நிற்கிறது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. என்ஜின் கோளாறோ, புதுச் செட்டு வழி காட்டவில்லையோ, நேற்று நான் செய்ததில் ஏதாவது தப்போ என்று நினைத்தேன். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தேன். வள்ளக்காரர் கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது புரிந்தது. கரையில் ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் நேராகப் போக மாட்டார்கள். வேறு திசையில் போக்குக் காட்டிவிட்டுத்தான் தங்கள் இடத்துக்குத் திரும்புவார்கள். கல்லறைத் திருநாளும் அதற்கு விலக்கில்லை.

நான் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். பையைத் தோளில் சரி செய்துகொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். சந்து முனை வருவதற்குள் பின்னால் என்ஜின் சத்தம் உரத்து, திசை மாறியது. எந்தத் திசை என்று திரும்பிப் பார்க்கவில்லை.